ஹிபா குடித்த பால்

யம்னாவுக்குப் பால் சுரந்துவிட்டது. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் விடிகாலையில் மார்பு கல்லாகி, சட்டை நனைந்து எழுந்து உட்கார்ந்தவள் முதலில் பார்த்தது கதவைத்தான். தாழ் போட்டிருந்தது. பழைய தலைத்துணி ஒன்றை நாலாக மடித்து, மூச்சு முட்டுகிற அளவுக்கு மார்பை இறுக்கிக் கட்டினாள். அதற்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் தொளதொளத்த கஃப்தான் அங்கி. பக்கத்தில் கிடந்த பயல் வாயைச் சப்புக்கொட்டினான். அவனுக்குப் பால்மாவு கரைக்க வெந்நீர் வேண்டும். வெந்நீருக்கு அடுக்களைக்குப் போக வேண்டும். அடுக்களையில் மாமியார் இருப்பாள்.

ஃபத்னா இருந்தாள். பெரிய பானையில் கோழி வெந்துகொண்டிருந்தது. வெந்தய வாசம் முற்றம் வரை வந்து அடித்தது.

"பெத்த உடம்புக்காரி வெறுங்காலோட சில்லுத் தரையில நடக்கலாமா? போய்ப் படு. ரஃபீஸா ஆயிட்டிருக்கு."

"நேத்தும் அதானே லல்லா." மாமியாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நாளைக்கும் அதான். பால் வர்ற வரைக்கும் அதான். நான் ஆறு பெத்தவ. எனக்குச் சுரந்ததுல பாதித் தெரு குடிச்சு வளந்துச்சு. உனக்கு மட்டும் ஏன் வராதுன்னு பாத்துடறேன்."

பருப்பும் வெந்தயமும் நாட்டுக்கோழியும் ஒன்றாக வெந்து, பிய்த்துப் போட்ட ரொட்டி மேல் ஊற்றினால் அது ரஃபீஸா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற ஆஸ்ஃபி ஊரில் இதற்கு மேல் வைத்தியம் கிடையாது. யம்னா ஒவ்வொரு கவளமும் விழுங்கும்போது, விழுங்கியது நேராக மார்புக்குப் போவதுபோல் இருந்தது. சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. ஃபத்னா எதிரில் உட்கார்ந்து தட்டு காலியாகிற வரை நகர மாட்டாள்.

ஓர்ப்படி கல்தூம் கழுவிய ரப்பர் பூட்ஸை முற்றத்தில் காயவைக்க மாடிப்படி இறங்கி வந்தாள். மத்தி மீன் கம்பெனியில் தலை கிள்ளி டப்பாவில் அடுக்குகிற வேலை. இடுப்பில் ஹிபா, நாலு மாதத்துப் பெண். கல்யாணமாகி எட்டு வருஷம் கோயில் குளம் என்று நாம் அலைவதுபோல் அவள் தர்கா தர்காவாகச் சுற்றி, வராது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு வந்த பிள்ளை.

"லல்லா, அவளுக்குக் கோழி மேல இரக்கம் போல. நான் தின்னுடறேன், இப்படித் தள்ளுங்க."

"உனக்கு எதுக்கு? ஏற்கெனவே உன் சட்டை சொட்டுது."

"அதான் சொல்றேன். இங்க சொட்டி வீணாப் போவுது, அங்க அந்தப் பய டப்பா மாவைக் குடிச்சிட்டுக் கெடக்கான். குடுடி யம்னா. ஒரு பக்கம் இவ, ஒரு பக்கம் அவன்."

"வேணாங்கா."

"ஏன்? என் பாலு மீன் நாத்தம் அடிக்குமோ?"

"அய்யோ அக்கா…"

"இல்ல, ரெண்டும் ஒரே பாலு குடிச்சா அக்கா தம்பி ஆயிடும், பின்னால கட்டி வைக்க முடியாதுன்னு இப்பவே கணக்குப் போடுறியா? ஏய், என் மவளுக்கு உன் மவன் வேணாம்டி. மூக்கப் பாரு, அப்படியே அவங்கப்பன் மூக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். யம்னாவும் சிரித்தாள். ஆனால் கல்தூம் படி ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

*

யம்னாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மாசமாக இருக்கும்போது எல்லாருக்கும் எடுக்கிற ரத்தத்தில் தெரிந்தது. அவள் புருஷன் அல்லால் மத்திப் படகில் வலை இழுக்கிறவன். மீன் தெற்கே போனால் அவனும் தெற்கே போவான். தாக்லா துறைமுகத்தில் மாசக்கணக்கில் கிடப்பான். போனில் விஷயத்தைச் சொன்னபோது அவன் காற்று இரையாத இடமாகப் பார்த்து ஒதுங்கினான். பிறகு, "நான்தான்" என்றான். "உன்னால இல்ல. நான்தான்." அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் தாக்லாவில் மாத்திரை வாங்கினான். அவள் மராகெஷில் வாங்கினாள்.

ஆஸ்ஃபியிலேயே ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் அங்கே சீட்டுப் போடுகிற ஆள், கல்தூம் புருஷன் மிலூத்தோடு சாயங்காலம் காப்பிக் கடையில் தாயம் உருட்டுகிறவர். அதனால்தான் பஸ் ஏறி மராகெஷ். வீட்டில் ரத்தச்சோகை என்று சொல்லியிருந்தாள். மாத்திரைகளை ஒரு சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றி, அதை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஜன்னல் ஓரம் வைத்திருந்தாள். ஒளித்து வைத்தால்தானே தேடுவார்கள்.

மராகெஷ் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி வாசல் தாண்டி, கடைசி அறையில் ராபியா இருப்பாள். டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேசி, பயத்தை இறக்கி உள்ளே அனுப்புவதுதான் அவள் வேலை. ஒரு சங்கம் சம்பளம் கொடுக்கிறது. அவளும் அதே மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவள்.

"புள்ளைக்கு முத்தம் குடு, மடியில போடு, கூடப் படுத்துக்க. உன் எச்சில் பட்டா ஒண்ணும் ஆவாது. பால் மட்டும் வேணாம்" என்று சொல்லி, பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய சிரப்பையும் பால்மாவு டப்பாக்களையும் முன்கூட்டியே தந்திருந்தாள். பால் வற்ற மாத்திரை, பிள்ளை பெற இங்கே வரும்போது தருவார்கள் என்றாள்.

பிள்ளை காத்திருக்கவில்லை. வலி முன்னாலேயே வந்து, ஆஸ்ஃபியிலேயே பெற்றாள். சிரப் பையில் இருந்தது. யாரும் பார்க்காதபோது பயல் வாயில் சொட்டு விட்டாள். பால் வற்ற மாத்திரை மட்டும் மராகெஷில் இருந்தது. பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது. ஏழாம் நாள் பெயர் வைத்த பிறகு, மயக்கம் வருகிறது, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஏதாவது சொல்லிக் கிளம்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

*

ஏழாம் நாள் ஆடு அறுத்து அய்யூப் என்று பெயர் வைத்தார்கள். அல்லால் வரவில்லை. மீன் பாடு அங்கேதான், படகை விட முடியாது. போனிலேயே மகன் அழுவதைக் கேட்டுவிட்டு, "தொண்டை நல்லாருக்கு, வலை இழுக்கும்போது கத்தறதுக்கு ஆகும்" என்றான். நாள் முழுக்கப் பெண்கள் வந்து போனார்கள். வந்தவளெல்லாம் பயலை வாங்கி யம்னாவின் மடியில் போட்டு, "குடு, நாங்க என்ன வேத்தாளா" என்றாள். இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி, சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கட்டின துணிக்குள் மார்பு இரண்டும் கொதித்தன.

மறுநாள் கடல்மூட்டம் ஊரை மூடிக்கொண்டு, தூறலும் விழுந்தது. கொஞ்ச நாளாக மீனே இல்லாமல் கம்பெனி மூடிக் கிடந்தது. அன்றைக்கென்று படகுகள் நிறைந்து வந்துவிட்டன. விடிவதற்கு முன் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அந்தத் தெருப் பெண்களின் பொழுது அந்த ஹாரனில்தான் விடியும். அது எப்போது அடிக்கும் என்று கடலுக்குத்தான் தெரியும். கல்தூம் பூட்ஸை மாட்டிக்கொண்டே ஓடினாள்.

"லல்லா, மத்தியானம் கம்பெனி கேட்டுக்குத் தூக்கிட்டு வாங்க, பால் குடுத்துடறேன்!"

"மழையில எப்படிடி தூக்கிட்டு வர்றது?"

"அப்ப புட்டியில குடுத்துப் பாருங்க!"

ஹிபா புட்டியை வாயில் வாங்கவே மாட்டாள். உச்சி வேளைக்கு அழ ஆரம்பித்தவள், அழுது அழுது தொண்டை கட்டி, சத்தமே வராமல் உதட்டை மட்டும் கோணினாள். ஃபத்னா சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்து வைத்தாள், தோளில் போட்டு நடந்தாள், விளக்கைக் காட்டினாள், பாட்டுப் பாடினாள். ஒன்றும் நடக்கவில்லை. யம்னாவுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாம் என்று அறைக்குள் வந்தாள். யம்னா காய்ச்சலில் தன்னை மறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்ந்து கஃப்தான் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

யம்னா கனவு கண்டுகொண்டிருந்தாள். கனவில் அய்யூபுக்குப் பால் கொடுக்கிறாள். ராபியா பக்கத்தில் நின்று, "குடு, இனிமே குடுக்கலாம்" என்கிறாள். இத்தனை நாள் பாறையாகக் கிடந்த மார்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. வலி இறங்குகிறது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சுகத்தை அவள் அறிந்ததில்லை. தலையைத் தடவினாள். முடி அடர்த்தியாக இருந்தது. அய்யூபுக்கு முடி கிடையாது.

கண்ணைத் திறந்தாள். ஹிபாவின் மை தீட்டிய கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வாய் நிறைய அவள் மார்பு. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஃபத்னா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிஸ்மில்லா சொல்லித்தான் வெச்சேன். எங்கிட்டயே மறைக்கிறியா? இவ்வளவு பாலை வெச்சுக்கிட்டு! புள்ளைக்குப் பசி, உனக்குக் கட்டிக்கிட்டுக் காய்ச்சல். ரெண்டுக்கும் ஒரே மருந்து. பாரு, எப்படிக் குடிக்குது!"

யம்னா குழந்தையைப் பிடுங்கி எடுத்தாள். அவள் போட்ட அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏண்டி! பைத்தியமா உனக்கு? குடிக்கிற புள்ளைய…"

"எவ்வளவு நேரம்? எவ்வளவு நேரமாக் குடிக்குது லல்லா?"

"ஒரு பக்கம் முடிச்சு மறு பக்கம். ஏன், நிறுத்துப் பாத்துக் காசு வாங்கப் போறியா?"

*

துணி காய்கிற மொட்டைமாடியில், ஈரப் போர்வைகளுக்கு நடுவே நின்று ராபியாவுக்குப் போன் போட்டாள். அழுகைதான் வந்தது.

"அழுது முடி கண்ணு. அப்புறம் சொல்லு."

சொன்னாள்.

"மாத்திரை ஒரு நாளும் விடலையே?"

"இல்ல."

"போன தடவை ரத்தத்துல கிருமி தெரியவே இல்லன்னாரு டாக்டர். அதனால ஆபத்து ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. புள்ளையக் கூட்டிட்டு வா. நாளைக்கே வா. சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் மருந்துக்கு மதிப்பு."

"நான் தூக்கிட்டு வந்துடவா? ஏதாவது பொய் சொல்லி…"

"பெத்தவ இல்லாம டாக்டர் ஒரு சொட்டு குடுக்க மாட்டாரு. அவளுக்குச் சொல்லணும் யம்னா."

"சொன்னா என்னை வீட்ட விட்டு…"

"தெரியும். என்னை எங்கம்மாவே அனுப்பினா." பிறகு, "வாசல்ல நிக்கறேன், வா" என்றாள்.

*

கல்தூம் வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வாசலிலேயே ஃபத்னா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல. கேட்டதும் கல்தூம் வீட்டுக்குள் வராமல் முக்குக் கடைக்குத் திரும்பி நடந்து, நீலக் காகிதம் சுற்றிய பெரிய சர்க்கரைக் கூம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். பால் கொடுத்தவளுக்குச் சர்க்கரை வைப்பது மரியாதை. முழங்கை வரை மீன் செதில் மினுங்க, அதை யம்னாவின் மடியில் வைத்தாள்.

"எங்கடி என் மவளோட பால்தாயி? உன்னை என்னென்னமோ நெனச்சுட்டேன்டி. கர்வம் புடிச்சவன்னு நெனச்சேன். கம்பெனியில அவளுங்ககிட்டச் சொல்லிக்கூட அழுதேன். மன்னிச்சுக்க."

"அக்கா, கொஞ்சம் மேல வாயேன்."

"கை கழுவிட்டு வர்றேன் இரு. நாறுது."

"இப்பவே வா."

மொட்டைமாடித் தொட்டியடியில் கல்தூம் எலுமிச்சம்பழத்தை அரிந்து கையில் தேய்த்துக்கொண்டே கேட்டாள். மீன் வாடை போக அதுதான் வழி. இடுப்பில் ஹிபா.

"என்ன, அல்லால் ஏதாவது சொன்னானா? மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"எனக்கு ரத்தச்சோகை இல்லக்கா."

"பின்ன?"

"எச்.ஐ.வி."

கல்தூமின் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அது தப்பான எடத்துக்குப் போறவளுக்கு வர்றதில்ல?" என்றாள், ஏதோ சந்தேகம் கேட்பவள்போல.

"எனக்கு வந்திருக்கு. அல்லாலுக்கும் இருக்கு. நான் மாத்திரை சாப்பிடறேன். அதனாலதான் அய்யூபுக்குப் பால் குடுக்கல. உன் பாலையும் வேணாம்னேன், அவன் ரத்தம் இன்னும் பாக்கல, அவன்கிட்டேருந்து உனக்கு வந்துடுமோன்னு. இன்னிக்கு நான் தூங்கிட்டிருக்கும்போது லல்லா… எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. கண்ணு முழிச்சா…"

எலுமிச்சை மூடி தரையில் விழுந்து உருண்டது.

கல்தூம் கத்தவில்லை. குழாயைத் திறந்தாள். ஹிபாவின் வாய்க்குள் விரலை விட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம். மறுபடி கழுவினாள். மற்ற எலுமிச்சை மூடியை எடுத்துக் குழந்தையின் நாக்கில் பிழிந்தாள். குழந்தை மூச்சுப் பிடித்து வீறிட்டது.

"அக்கா, வேணாம்! அது போற விஷயம் இல்ல. புள்ளைக்கு எரியும்!"

"தொடாத!"

யம்னா கையை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதடி. ஒரே தட்டுல தின்னமேடி. குளிக்கப் போனா உன் முதுக நான் தேச்சேனே. ஒரு வார்த்தை சொல்லலியே நீ. எட்டு வருஷம்… எட்டு வருஷம் காத்திருந்து பெத்தேன்."

"நாளைக்குக் காலையில மராகெஷ் போகணும். மருந்து இருக்கு. குடுத்தா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாங்க. நீ வந்தாத்தான் குடுப்பாங்க. அதுக்குத்தான் சொன்னேன். இல்லன்னா சொல்லியிருக்க மாட்டேன்."

கடைசி வாக்கியம்தான் கல்தூமை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அல்லாலுக்கு. இப்ப உனக்கு."

கீழே ஃபத்னா சுத்தியலால் சர்க்கரைக் கூம்பை உடைக்கிற சத்தம் கேட்டது. "வாங்கடி ரெண்டு பேரும்! புள்ளைங்க ரெண்டும் இன்னிலேருந்து அக்கா தம்பி. புதினாத் தேத்தண்ணி போட்டிருக்கேன்!"

அந்தத் தேநீரைக் கல்தூம் குடிக்கவில்லை. தலைவலி என்றாள்.

*

பிள்ளை பெற்றவள் ஒன்பதாம் நாளே பஸ் ஏறுவதாவது என்று ஃபத்னா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கல்தூம்தான், "ஹிபாவுக்கும் வயிறு சரியில்ல, நான் கூடப் போறேன், வழி விடுங்க லல்லா" என்றாள். இரண்டு மருமகள்களும் ஒற்றுமையாகப் போகிறார்கள் என்று ஃபத்னாவுக்கு மனசு இளகிவிட்டது. வழிக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் கல்தூம் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். யம்னா பின்னால். வழியெல்லாம் காய்ந்த நிலம். வெயில் ஏற ஏறப் புழுதி. கல்தூம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவள் தோள் மேல் சாய்ந்திருந்த ஹிபா மட்டும் யம்னாவைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ராபியா சொன்னபடி வாசலில் நின்றிருந்தாள். மூன்று கண்ணாடிக் குவளையில் தேநீர் ஊற்றினாள். கல்தூம் குவளையைத் தொடவில்லை. ராபியா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "வெளியில தள்ளுவண்டிக்காரன் ஆரஞ்சு பிழியறான். அங்க குடிச்சுக்க கண்ணு. வெயில்ல வந்திருக்க" என்றாள். கல்தூமுக்குக் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் கேட்டார், எழுதினார், குழந்தையைப் பார்த்தார். இவள் ரத்தத்தில் கிருமி கருவிக்கே தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம், ஆனாலும் ஒரு மாதம் சிரப் கொடுக்க வேண்டும், காலையும் சாயங்காலமும், ஒரு வேளை தவறக் கூடாது, பிறகு ரத்தம் பார்ப்போம், உங்கள் பாலை நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்.

"தொட்டா வராதா?" என்று கல்தூம் கேட்டாள்.

"வராது."

"ஒரே தட்டுல தின்னா?"

"வராதும்மா."

"அப்ப ஏன் டாக்டர் எனக்கு உள்ள இப்படி நடுங்குது?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

யம்னாவுக்குப் பால் வற்றுகிற மாத்திரை கொடுத்தார்கள். அங்கேயே விழுங்கினாள். ரெண்டு நாளில் மார்பு தளர்ந்துவிட்டது.

*

கல்தூம் சாப்பாட்டை மாடிக்கு எடுத்துப் போக ஆரம்பித்தாள். தனிக் குவளை, தனித் தட்டு. குழந்தைக்கு வயிறு சரியாகிற வரை என்று காரணம் சொன்னாள். சிரப்பைத் தானே கொடுத்தாள். யம்னா முற்றத்தில் இருந்தால் ஹிபாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். மூட்டம் கலைந்து, விடிகாலையில் ஹாரன் அடித்தது. கல்தூம் பூட்ஸோடு படியிறங்கி வந்து நின்றாள். இடுப்பில் ஹிபா. கையில் சிரப் புட்டி. மருந்து நேரம் ஆகவில்லை. வேன் காத்திருக்காது. மீன் நிறைய வந்திருந்தால் சாயங்கால மருந்துக்கும் வந்து சேர முடியாது. போகாவிட்டால் அடுத்த ஹாரன் அவளுக்கு அடிக்காது, ஆள் நிறையக் காத்திருக்கிறார்கள். ஃபத்னாவிடம் கொடுத்தால் இது என்ன புட்டி என்று கேட்பாள், மிலூத்திடம் காட்டுவாள்.

ஹாரன் மறுபடி அடித்தது.

கல்தூம் யம்னாவின் அறை வாசலுக்கு வந்தாள். புட்டியை நீட்டினாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, பிள்ளையையும் நீட்டினாள்.

"ஏழு மணிக்கு" என்றாள். "துப்பினா மறுபடி குடு. துப்பறா இவ."

"தெரியும்கா."

"முத்தம் குடுக்காத."

"இல்லக்கா."

அந்த மாதம் மீன் விடாமல் வந்தது. ஹாரன் அடிக்கும்போதெல்லாம் யம்னா படிக்கட்டடியில் வந்து நிற்பாள். கல்தூம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடுவாள். யம்னா இரண்டு பிள்ளைகளையும் பாயில் கிடத்தி, இரண்டு வாயிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்டு விடுவாள். அய்யூப் சமர்த்தாக விழுங்குவான். ஹிபா துப்புவாள், துப்பிவிட்டுச் சிரிப்பாள். பசித்தால், மழையானாலும் ஃபத்னா அவளைக் கம்பளிக்குள் சுற்றிக் கம்பெனி கேட்டுக்குத் தூக்கிப் போவாள். அதைக் கல்தூம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டிருந்தாள்.

"என்ன மருந்து அது, ரெண்டுக்கும் ஒரே மாதிரி?" என்று ஃபத்னா ஒருநாள் கேட்டாள்.

"வயித்துக்கு லல்லா."

"அதான் பாத்தியா, ஒரே பாலு குடிச்சதுல வயித்துவலிகூட ஒண்ணாயிடுச்சு!" என்று அவள் அதையும் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள்.

யம்னா ஒருமுறைகூட ஹிபாவுக்கு முத்தம் கொடுக்கவில்லை. தூங்கும்போது நெற்றிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், பால் வாசமும் மீன் வாசமும் கலந்த அந்த மூச்சை மட்டும் இழுத்துக்கொள்வாள்.

*

கோடையில் இரண்டு பிள்ளைகளுக்கும் கடைசி ரத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. ராபியா கல்தூமைக் கட்டிக்கொண்டாள். கல்தூம் விறைத்து நின்றாள், ஆனால் விலகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யம்னாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பாதி தூரம் வந்த பிறகு சொன்னாள்.

"எங்கண்ணன் வீட்டுப் பக்கம் ரூம் பாத்திருக்கு. மிலூத்கிட்ட, கம்பெனிக்கு அங்கேருந்து கிட்டன்னு சொல்லியிருக்கேன்."

யம்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னதெல்லாம் புரியுது யம்னா. புத்திக்குப் புரியுது. ஆனா அடுக்களையில உன் தட்டப் பாத்தா, எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நான் என்னடி பண்ணட்டும்?"

"போயிட்டு வாக்கா" என்றாள் யம்னா. "இத்தனை நாள் காப்பாத்திக் குடுத்தியே."

"நீயும்தான் காப்பாத்திக் குடுத்த" என்றாள் கல்தூம். சொல்லிவிட்டு அழுதாள்.

மூன்று சக்கர வண்டியில் சாமான் ஏற்றிய அன்றைக்குக் கிழக்கிலிருந்து நெருப்புக் காற்று அடித்தது. ஃபத்னா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அக்காவையும் தம்பியையும் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறியே! பால்தாய்கிட்ட ஒரு முத்தமாவது வாங்கிக் குடுத்துட்டுப் போடி!"

தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கல்தூம் வண்டியிலிருந்து இறங்கி வந்து ஹிபாவை யம்னாவின் கையில் கொடுத்தாள். "குடு" என்றாள் மெதுவாக. "குடுடி."

யம்னா ஹிபாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். முதல் முத்தம். ஹிபா அவள் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

கல்தூம் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு, தலைத்துணியின் முனையால் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. போனபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. துணி முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். யம்னாவைப் பார்த்தாள். யம்னா, "காத்து அடிக்குது, புழுதி. மூடிக்கிட்டுப் போக்கா" என்றாள், தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

வண்டி போயிற்று.

மறுநாள் விடிகாலையில் வழக்கம்போல் வேன்காரன் அதே தெருமுனையில் ஹாரன் அடித்தான். யம்னா திடுக்கிட்டு எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, படிக்கட்டடியில் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். மாடி இருட்டாக இருந்தது. ஹாரன் இன்னொரு தரம் அடித்து ஓய்ந்தது. வேன் போகிற சத்தம் கேட்டது.

எப்போதோ வற்றிப்போன மார்பு ஒரு கணம் கனத்தது. அவள் கையைத் தாழ்த்தவில்லை. உள்ளே அய்யூப் எழுந்து அழ ஆரம்பிக்கிற வரை அப்படியே நின்றிருந்தாள்.